ஐந்து தோட்டாக்களின் தீர்ப்பு

1751ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் ஓர் ஆங்கிலேயப் பொறியாளர் காய்ச்சலால் இறந்தார். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்; வயது 44. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிட அவரை அனுப்பியிருந்தது. சென்னை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்து மீண்ட காலம் அது. மதில்களின் மீது கம்பெனிக்குக் கவலை மிகுந்திருந்தது. கடலூர் வரலாற்றில் அவர் பெயர் ஓர் அடிக்குறிப்புக்கு மேல் வளரவில்லை. ஆயினும், துப்பாக்கிக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது எவ்வளவு வேகத்தில் செல்கிறது என்பதை நம்பத்தக்க முறையில் அளந்து காட்டியவர் அவர்தான்.

1742இல் அவர் வெளியிட்ட பீரங்கிக் கலை நூலில் அந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதன் மரப்பலகையின் மீது சுட வேண்டும். குண்டு பலகையில் புதையும். ஊசல் பின்னோக்கி ஆடும். ஆட்டத்தின் அளவை ஊசலின் அடியில் கட்டிய நாடா காட்டும். குண்டின் எடையும் ஊசலின் எடையும் தெரிந்தால், உந்தம் அழியாது என்ற ஒரே விதியைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். கண்ணால் பின்தொடர முடியாத விநாடிக்கு 1600 அடி வேகம், கையால் அளக்கக்கூடிய சில அங்குல நாடாவாக மாறியது.

அந்தச் சில அங்குலங்கள் ஒரு நூற்றாண்டின் கொள்கையைச் சாய்த்தன. குண்டு பரவளையப் பாதையில் செல்கிறது, காற்றுத் தடை பொருட்படுத்தத்தக்கதன்று என்பது அன்றைய பாடம். மஸ்கட் குண்டின் மீது காற்று செலுத்தும் தடை அக்குண்டின் எடையைப் போல நூறு மடங்குக்கும் மேல் என்று ராபின்ஸ் அளந்து சொன்னார். 1745இல் ஆய்லர் அந்நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து விரிவான உரையும் எழுதினார். 1746இல் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

அளக்காமல் பேசும் வழக்கத்தை ராபின்ஸ் முடித்துவைத்தார். அளந்த பின் எவ்வளவு பேசலாம் என்ற கேள்வியோ இன்னும் தீர்ந்தபாடில்லை. அதைக் காண்பதற்குக் கைத்துப்பாக்கித் தோட்டாவைக் கையால் நிரப்பிச் சோதிப்பவரின் மேசையைவிட நல்ல இடம் இல்லை. அந்த மேசையில் நிகழும் தவறு ஒவ்வொன்றும் பல்கலைக்கழக ஆய்வேட்டில் பட்டம் பெற்று உலவுகிறது.

முதலில் அந்த மேசை. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, புதிய பிரைமரைப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்து இட்டு, குண்டை அழுத்திச் செருகினால் தோட்டா மறுபிறவி எடுக்கிறது. அமெரிக்காவில் இது பரவலான பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், ஐந்தாம் பிரிவில், தோட்டா உற்பத்திக்கு மட்டுமன்றி அதைச் சோதித்துப் பார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. எனவே இந்நாட்டில் அந்த வேலை 1869இல் தொடங்கப்பட்ட கட்கி தோட்டாத் தொழிற்சாலை போன்ற இடங்களிலும், தடய அறிவியல் கூடங்களிலும், பாதுகாப்பு ஆய்வகங்களிலும் நடக்கிறது. நீலகிரியின் அருவங்காட்டில் நூறாண்டுக்கு மேலாக உந்துமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

நிரப்புபவர் மருந்தின் அளவைச் சிறிது சிறிதாக மாற்றிப் பத்து வகைத் தோட்டாக்களைச் செய்கிறார் என்று கொள்வோம். வகைக்கு ஐந்து. அவற்றைக் குரோனோகிராப் என்னும் கருவியின் மேலாகச் சுடுகிறார். அதில் இரண்டு ஒளியுணர் கண்கள் குறித்த தொலைவில் இருக்கும். குண்டின் நிழல் ஒன்றைக் கடந்து மற்றொன்றை அடையும் நேரத்தைக் கருவி எண்ணும். கண்களுக்கிடையே இரண்டு அடி இருந்து குண்டு விநாடிக்கு ஆயிரம் அடி சென்றால், அந்த நேரம் ஒரு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கு. ராபின்ஸின் ஊசல் இப்போது சட்டைப் பையில் அடங்குகிறது. எதிரே 25 மீட்டரில் தாள் இலக்கு. ஐந்து துளைகளும் எவ்வளவு நெருங்கி விழுந்தன என்பதை நிரப்புபவர் அளக்கிறார். என்.சி.சி. மாணவர் எவரும் அறிந்த 'குரூப்பிங்' அது. பத்து வகைகளில் குரூப்பிங் மிகச் சிறியதாக அமைந்ததைத் தேர்ந்து, 'இதுவே சிறந்த கலவை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்.

கருவி பொய் சொல்லவில்லை, தாளும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் குறிப்பேட்டில் எழுதிய வாக்கியத்துக்கு ஆதாரம் இல்லை. ஏன் இல்லை என்பதை நான்கு படிகளாகக் காணலாம்.

முதல் படி எண்ணிக்கை. ஐந்து தோட்டாக்களின் வேகத்தில் திட்ட விலக்கம் விநாடிக்கு 10 அடி என்று வந்தது. அந்த ஐந்தும் ஒரு பெரிய தொகுதியின் கூறுகள். அறிய விரும்புவது அத்தொகுதியின் விலக்கத்தை. வேகங்கள் இயல்நிலைப் பரவலில் அமைந்தவை என்று வைத்துக்கொண்டால், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 6 முதல் 29 வரை நீள்கிறது. ஒரு முனையில் உயர்ந்த தோட்டா, மறு முனையில் கழித்துக்கட்ட வேண்டிய தோட்டா. ஐந்து சுடுகளால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பத்து சுட்டால் இடைவெளி 7 முதல் 18 வரை குறுகும். முப்பது சுட்டால் 8 முதல் 13 வரை. அப்போதுதான் எண் பேசத் தொடங்குகிறது.

பலர் திட்ட விலக்கத்தை விட்டு, மிக விரைந்த குண்டுக்கும் மிகத் தயங்கிய குண்டுக்கும் உள்ள வித்தியாசமாகிய வீச்சை எழுதுகிறார்கள். வீச்சின் சூழ்ச்சி இன்னும் நுண்மையானது. எண்ணிக்கை கூடக்கூட அது தானே வளரும். ஒரே தொகுதியிலிருந்து மூன்று எடுத்தால் சராசரி வீச்சு விலக்கத்தைப் போல 1.69 மடங்கு, ஐந்து எடுத்தால் 2.33, பத்து எடுத்தால் 3.08. மூன்று சுட்டவர் பத்து சுட்டவரைவிட நல்ல தோட்டா செய்தவராகத் தோன்றுவார். அவர் செய்த நன்மை ஏழு தோட்டாக்களைச் சுடாமல் விட்டது மட்டுமே.

இரண்டாம் படி தேர்வு. பத்து வகைகளும் உண்மையில் ஒன்றே என்று கொள்வோம்; மருந்தின் அளவில் எந்த வேறுபாடும் இல்லை. அப்போதும் ஐந்து சுடுகளின் குரூப்பிங் வகைக்கு வகை கூடிக் குறையும். அந்த ஏற்றத்தாழ்வு சராசரியில் கால் பங்குக்குச் சற்று மேல். பத்தில் மிகப் பெரிய குரூப்பிங் மிகச் சிறியதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது இயல்பு. வேறுபாடே இல்லாத இடத்தில் ஒரு வெற்றியாளரும் ஒரு தோல்வியாளரும் பிறந்துவிட்டார்கள். வென்ற வகையை மறுநாள் மீண்டும் சுட்டால் அது பழைய சராசரிக்கே திரும்பும். 'வானிலை சரியில்லை' என்று நிரப்புபவர் சொல்லுவார். வானிலை முந்தைய நாளும் அதுவேதான்.

இதே படியில் இன்னொரு பழக்கமும் உண்டு. நான்கு துளைகள் ஒட்டி விழுந்து ஐந்தாவது விலகினால், அதைக் கணக்கிலிருந்து நீக்குவது. 'அது என் கைப்பிழை' என்பது விளக்கம். கைப்பிழை என்பது சுட்ட கணத்திலேயே தெரிந்திருந்தால், இலக்கைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். துளையைப் பார்த்த பின் நினைவுக்கு வரும் பிழை, பிழையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒட்டி விழுந்த நான்கில் ஒன்றும் கைப்பிழையால் நல்ல இடத்தில் விழுந்திருக்கலாம் என்று எவரும் ஐயுறுவதில்லை.

மூன்றாம் படி பதிலி. வேகம் சீராக இருந்தால் குறியும் சீராக இருக்கும் என்பது மேசையின் நம்பிக்கை. 25 மீட்டரில் அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 300 மீட்டர் செல்லும் குண்டு இலக்கை அடையுமுன், காற்றுத் தடையை விட்டுவிட்டால், 34 மில்லிமீட்டர் தாழ்கிறது. 310 மீட்டர் செல்லும் குண்டு 32 மில்லிமீட்டர் தாழ்கிறது. வேறுபாடு இரண்டு மில்லிமீட்டர். 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் துல்லியச் சுற்று இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். விநாடிக்குப் பத்து மீட்டர் என்ற பெரிய வேகப் பிறழ்வு அந்த வட்டத்துக்குள் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. நூற்றுக்கணக்கான மீட்டருக்குச் சுடும் நீள்துப்பாக்கிக்கு வேகச் சீர்மை உயிர்நாடி. கைத்துப்பாக்கிக்கு அது இரண்டாம் நிலைச் செய்தி. ஆயினும் கருவி எண்ணைத் திரையில் காட்டிவிடுகிறது. காட்டிய எண்ணே தேடிய எண் ஆகிவிடுகிறது.

நான்காம் படி மறைப்பு. தாளில் காண்பது தோட்டாவின் சிதறல் மட்டுமன்று. சுடுபவரின் கைச்சிதறலும் அதில் கலந்திருக்கிறது. தனித்தனிச் சிதறல்கள் வர்க்கங்களாகக் கூடும். கைச்சிதறல் 40 மில்லிமீட்டரும் தோட்டாச் சிதறல் 20 மில்லிமீட்டரும் ஆனால் மொத்தம் 45. தோட்டாவை இரு மடங்கு மேம்படுத்திச் சிதறலை 10 ஆக்கினால் மொத்தம் 41. இரு மடங்கு முன்னேற்றம் தாளில் நான்கு மில்லிமீட்டராகத் தெரிகிறது. ஐந்து சுடுகளில் அந்த நான்கு மில்லிமீட்டர் தெரியவே தெரியாது. இதனால்தான் பொறுப்புள்ள சோதனையில் துப்பாக்கியை இறுகப் பற்றும் எந்திரத் தாங்கியைப் பயன்படுத்துகிறார்கள். கையை விலக்கினால்தான் தோட்டா தெரியும்.

இந்த நான்கு தவறுகளுக்கும் அடியில் ஒரு சொற்குழப்பம் கிடக்கிறது. ஐந்து துளைகளும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஆனால் இலக்கின் நடுவிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தால், அந்தச் சுடுதல் துல்லியமானதா? அன்றாடத் தமிழ் 'ஆம்' என்றும் சொல்லும், 'இல்லை' என்றும் சொல்லும். தமிழ்நாட்டின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடநூல் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது: உண்மை மதிப்புக்கு நெருக்கம் துல்லியத்தன்மை, அளவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கம் நுட்பம். பதினாறு வயதில் படித்த இந்த வேறுபாடு முதுகலை வகுப்புக்குள் நுழையும்போது வாசலிலேயே கழற்றி வைக்கப்படுகிறது. கருத்தரங்குக் கட்டுரைகளில் எல்லாமே 'துல்லியம்'. துளைகளை ஒட்ட வைத்தவரும் நடுவில் தைத்தவரும் ஒரே மாலையை வாங்கிக்கொள்கிறார்கள்.

வேகம் என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. தமிழ்நாட்டுப் பாடநூல் திசையற்ற அளவை வேகம் என்றும், திசையுள்ளதைத் திசைவேகம் என்றும் அழைக்கிறது. இலங்கைப் பாடநூலில் திசையற்றது கதி, திசையுள்ளது வேகம். பாக் நீரிணையின் இரு கரைகளிலும் 'வேகம்' என்று எழுதும் இரு மாணவர்கள் இரு வேறு பொருள்களை எழுதுகிறார்கள். குரோனோகிராப் திசையை அறியாது. அது அளப்பது கதி. அதன் எண்ணைத் திசைவேகம் என்று பெயர்த்தெழுதுவது கருவிக்குத் தெரியாத ஒன்றைக் கருவியின் வாயில் திணிப்பது. சொல் இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. பயன்படுத்தும் பொறுப்புத்தான் இல்லை. தமிழில் அறிவியலைச் சொல்ல முடியாது என்று அங்கலாய்ப்போர், சொல்லத் தந்த சொற்களை என்ன செய்தார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இதுவரை எவரும் சினம் கொள்ள வேண்டியதில்லை; குற்றவாளி எங்கோ ஒரு வெளிநாட்டுக் கொட்டகையில் தோட்டா நிரப்பும் பொழுதுபோக்காளர். இனி அவரை விட்டு, பெங்களூரு ஒக்கலிபுரத்துக்கு வரலாம்.

ஒக்கலிபுரமும் அதை ஒட்டிய ஸ்ரீராம்புரமும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதிகள். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் தெலுங்கும் உருதும். மொழித் தொடர்பை ஆராய்பவருக்கு இதைவிடச் செழித்த வயல் கிடைக்காது. அங்கே ஓர் ஆய்வாளர் செல்கிறார் என்று கொள்வோம். மூன்று பேரைக் காண்கிறார். மூவரும் ஒரே தெரு. இருவர் ஒரே குடும்பம். ஒரு வினைமுற்று வடிவத்தைச் சொல்லி, 'இப்படிப் பேசுவீர்களா?' என்று கேட்கிறார். மூவரும் 'பேசுவோம்' என்கிறார்கள். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் பிறக்கிறது: 'பெங்களூர்த் தமிழில் இவ்வடிவம் இலக்கண வழக்கு.'

இத்தகைய ஏடு கற்பனையானது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். மூன்று பேர் எதைக் காட்டுவர்? அவர்கள் அப்பகுதி மக்களிலிருந்து எவ்விதச் சார்புமின்றித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் என்று தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். மக்களில் சரிபாதிப் பேர் அவ்வடிவத்தை ஏற்காதவராக இருந்தாலும், மூவரும் ஏற்பதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மூவரும் ஒருமித்து ஏற்றார்கள் என்பதிலிருந்து 95 விழுக்காடு உறுதியோடு சொல்லக்கூடியது, ஏற்காதவர் 63 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது மட்டுமே. ஊரில் பெரும்பான்மையோர் மறுக்கும் ஒரு வடிவம் அவ்வூரின் இலக்கணமாக அச்சேறலாம். முப்பது பேர் ஒருமித்து ஏற்றால் அந்த உச்சவரம்பு 10 விழுக்காட்டுக்குள் வரும். மூவர் ஒரே தெருவினர், இருவர் ஒரே குடும்பம் என்ற உண்மையைச் சேர்த்தால், மூன்று என்ற எண்ணும் மூன்றாக நிற்காது. ஒரே கூட்டை மூன்று முறை நிரப்பிச் சுட்டதைப் போன்றது அது.

இதற்கு மொழியியலாளரிடம் ஒரு வலுவான மறுமொழி உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. தாய்மொழியாளர் ஒருவரின் உள்ளுணர்வே போதும், வாக்கியத்தின் இலக்கணமையை அறியப் பெருந்திரள் வேண்டியதில்லை என்பது அது. ஸ்ப்ரௌஸ், அல்மெய்டா ஆகியோர் 2012இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலத் தொடரியல் பாடநூல் ஒன்றின் 469 தரவுகளை நூற்றுக்கணக்கானோரிடம் முறைப்படி கேட்டார்கள். குறைந்தது 98 விழுக்காடு பாடநூல் சொன்னபடியே வந்தது. அடுத்த ஆண்டு ஷூட்ஸேயுடன் சேர்ந்து, முன்னணி இதழ் ஒன்றில் பத்தாண்டுகளில் வெளிவந்த தீர்ப்புகளிலிருந்து ஒரு மாதிரியைச் சோதித்தபோது அது 95 விழுக்காட்டை ஒட்டி வந்தது. சாய்வுநாற்காலி மொழியியலைக் கேலி செய்தவர்களுக்கு அது நல்ல அடி.

ஆயினும் அந்த முடிவு எதைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும். பாடநூலில் இடம்பெறுபவை பளிச்சென்ற வேறுபாடுகள். குண்டு இலக்கில் பட்டதா, இலக்கையே விட்டுப் போயிற்றா என்பதற்கு ஒரு சுடு போதும். இரு நல்ல தோட்டாக்களில் எது நல்லது என்பதற்குத்தான் முப்பது வேண்டும். ஒக்கலிபுரத்துத் தமிழைப் பற்றிய கேள்விகள் இரண்டாம் வகை. அங்கே தலைமுறைக்குத் தலைமுறை, தெருவுக்குத் தெரு, பேசப்படும் ஆளுக்கு ஏற்ப வடிவம் மாறுகிறது. மேலும் தமிழ் இரட்டை வழக்கு மொழி. 'இப்படிப் பேசுவீர்களா' என்று படித்தவர் ஒருவர் குறிப்பேட்டுடன் கேட்டால், பேசுவதைச் சொல்லாமல் பேச வேண்டியதைச் சொல்லுவோர் பலர். அங்கே சுடுபவரின் கை மட்டுமன்றிக் கேட்பவரின் கையும் நடுங்குகிறது. எந்திரத் தாங்கி இல்லாமல் எடுத்த தரவு, தோட்டாவைப் பற்றியதா கையைப் பற்றியதா என்பதை எவரும் சொல்ல இயலாது. உள்ளுணர்வு போதும் என்பதைக் காத்த அந்த ஆய்வே நூற்றுக்கணக்கானோரிடம் கேட்டுத்தான் காத்தது என்பதையும் மறக்கலாகாது.

மொழியியல் மட்டும் இக்குற்றத்தில் தனித்து நிற்கவில்லை. பத்து மாறிகளைக் கோத்துப் பார்த்து, பொருள்படும் என்று வந்த ஒன்றை மட்டும் எழுதும் சமூக அறிவியல் கட்டுரை, பத்து வகைகளில் வென்றதை மட்டும் குறிப்பேட்டில் ஏற்றுபவரின் உடன்பிறப்பு. ஒத்துவராத தகவலாளியின் பதிவை 'தெளிவின்மை காரணமாக' விலக்குவது, விலகிய ஐந்தாம் துளைக்கு ஒட்டுப் போடுவது. ஆசிரியரின் தகுதியை அளக்க 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த புள்ளிக் கணக்கு, குறியை அளக்க வேண்டிய இடத்தில் வேகத்தை அளந்தது. கட்டுரை எண்ணிக்கையைத் திரை காட்டுகிறது. காட்டியதே தகுதி ஆகிறது. அதன் விளைவாகக் காசு வாங்கி அச்சிடும் இதழ்கள் எவ்வளவு பெருகின என்பதைக் கல்லூரி நூலகங்கள் அறியும்.

'ஓர் ஆய்வேட்டில் மூன்று பேர் என்றால் யார் உயிர் போய்விட்டது?' என்ற கேள்வி எழும். உயிர் போகும் இடத்தையும் பார்க்கலாம். அது இதே தோட்டாச் சோதனையில்தான் இருக்கிறது.

குண்டு துளைக்காத உடையைச் சோதிக்கும் ஆய்வகங்களில் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக்கொள்வது வழக்கம். காரணம், அங்கே வேகம் விளையாட்டன்று. 2008இல் வெளிவந்த அமெரிக்கத் தரநிலை ஒன்று, 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டு அதன் இரண்டாம் பாதுகாப்பு நிலை உடையை விநாடிக்கு 398 மீட்டர் வேகத்தில் தாக்க வேண்டும், 9.1 மீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று வரையறுத்தது. இரண்டு விழுக்காட்டு வேகப் பிறழ்வு ஆற்றலில் நான்கு விழுக்காடாகப் பெருகும். குறைந்த வேகத்தில் சுட்ட குண்டை உடை தடுத்தால், அது உடையின் வெற்றி ஆகாது, தோட்டாவின் தோல்வி. அந்தச் சான்றிதழை நம்பி ஒரு காவலர் அதை அணிவார். இந்தியாவும் 2018இல் குண்டு தடுக்கும் மேலுடைக்கெனத் தனித் தரநிலையை வகுத்தது. அதுவரை நம் படையினருக்கென நாட்டுத் தரநிலை ஒன்று இல்லை.

அதே உலகில் இன்னோர் எண் உண்டு: 44 மில்லிமீட்டர். உடை குண்டைத் தடுத்தாலும் அதன் பின்புறம் உடலுக்குள் பிதுங்கும். உடைக்குப் பின்னால் வைத்த களிமண்ணில் அந்தப் பள்ளம் 44 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த எண்ணின் வேர் 1970களில் அமெரிக்க இராணுவ ஆய்வகத்தில் ஆடுகளின் மீது நடந்த சோதனைகளில் இருக்கிறது. ஒரு வகைக் குண்டு, ஒரு வகை மென்துணி, சிறு எண்ணிக்கையிலான விலங்குகள். அன்று அதைச் செய்தவர்களை இகழ வேண்டியதில்லை. அவசரத் தேவைக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டியிருந்தது, வரைந்தார்கள். ஆனால் துணி மாறியது, குண்டு மாறியது, அணிபவரின் உடல்வாகு மாறியது. எண் மட்டும் மாறவில்லை. பின்னர் அமைந்த ஆய்வுக் குழுக்கள் அதன் அடிப்படை போதாது என்று சொல்லியும் அது நிலைத்திருக்கிறது. சிறு தரவிலிருந்து பிறந்த எண் ஒருமுறை அச்சேறிவிட்டால், அதன் பிறப்பை எவரும் கேட்பதில்லை. மேற்கோள் மேல் மேற்கோளாக அது முதுமை அடைந்து, முதுமையே அதன் சான்றாகிவிடுகிறது. மூன்று பேரிடம் கேட்ட வடிவத்துக்கும் நேர்வது இதுவே. இருபது ஆண்டுகளுக்குப் பின் பாடநூல் ஒன்று அதை எடுத்தாளும். ஒக்கலிபுரத்துக் குழந்தை ஒன்று, தான் பேசுவது 'பெங்களூர்த் தமிழ்' அல்ல என்று வகுப்பறையில் கேட்டுத் தலைகுனியும்.

'மாணவருக்குக் காலம் இல்லை, உதவித்தொகை வரவில்லை, முப்பது பேரைத் தேடி அலைய முடியாது' என்பது கடைசி மறுப்பு. அது உண்மை, அதை மதிக்க வேண்டும். சிறு தரவு குற்றமன்று. ராபின்ஸும் எல்லையற்ற குண்டுகளைச் சுடவில்லை. குற்றம், சிறு தரவுக்குப் பெருவாக்கியம் எழுதுவதில் இருக்கிறது. 'பெங்களூர்த் தமிழில் இவ்வடிவம் இலக்கண வழக்கு' என்பதற்குப் பதில் 'ஒக்கலிபுரத்தின் ஒரு தெருவில் சந்தித்த மூவர் இவ்வடிவத்தை ஏற்றனர். அவர்களுள் இருவர் உறவினர்' என்று எழுதினால் ஒரு நாளும் கூடுதலாகாது, ஒரு ரூபாயும் செலவாகாது. அடுத்து வரும் ஆய்வாளருக்கு அந்த வாக்கியம் அடித்தளமாகும். முன்னதோ அவர் விழும் குழியாகும்.

செலவில்லாத காரியங்கள் இன்னும் உண்டு. எத்தனை பேர், எத்தனை சுடுகள் என்பதை முடிவு எழுதிய அதே பத்தியில் எழுதலாம். எதை நீக்குவது என்பதைத் தரவைப் பார்க்கும் முன் தீர்மானிக்கலாம். நீக்கியவற்றைப் பின்னிணைப்பில் வைக்கலாம். தோற்ற ஒன்பது வகைகளையும் அட்டவணையில் சேர்க்கலாம். வென்ற வகையை வேறொரு நாள், வேறொருவர் கையால் மீண்டும் சோதிக்கலாம். துல்லியத்தன்மை வேறு, நுட்பம் வேறு என்பதைப் பதினொன்றாம் வகுப்பில் படித்தபடியே எழுதலாம். இவற்றுக்குக் கருவி வேண்டாம், நிதி வேண்டாம். நெறியாளரின் முகம் சற்றுச் சுளியும். அந்தச் சுளிப்பைத் தாங்கும் துணிவு மட்டும் வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் 'எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?' என்று கேட்கும் புறத்தேர்வாளரை எரிச்சலூட்டுபவர் என்று நினைக்கும் வழக்கம் துறைகளில் இருக்கிறது. அந்த மண்டபத்தில் ஆய்வேட்டின் நலம் நாடி வந்தவர் அவர் ஒருவரே. அவர் கேட்பது, 275 ஆண்டுகளுக்கு முன் கடலூரில் அடங்கிய ஒருவர் நாடாவை நீட்டிப் பிடித்துக் கேட்டதுதான்: ஊசல் எவ்வளவு ஆடியது? ஆடிய அளவுக்கு மேல் எவரும் பேச வேண்டாம்.